பக்கத்து இருக்கைக் கிளட்ச்

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியளவில், ஊருக்கு வெளியே உள்ள கால் மைல் நேர்ப்பாதையில், ஐம்பத்தோரு வயது நிரம்பிய ஓர் அலுவலர், தம் சொந்தக் கால்களால் ஒரு காரை நின்ற இடத்திலிருந்து கிளப்புவார். மேற்படி நிகழ்வின் வரலாற்று முக்கியத்துவம் கருதிக் குடும்பத்தினர் அனைவரும் முழு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

குடும்பத்தினர் அனைவரும் என்பது ஒரே ஒருத்தி. அவள் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கணவர் இதை வாசித்தபோது, வாயில் நுரையோடு, “சரி” என்று மட்டும் சொன்னாள்.

அவர் தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் அறிவிப்புகள் எழுதும் பிரிவில் இருந்தார். ‘தண்ணீர் வராது’ என்ற இரண்டு சொற்களை இரண்டு பக்கத்துக்கு எழுதுவது அவருடைய வேலை. அலுவலகத்தில் அவருக்கு சர்க்குலர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் ஒரு நாள் அவருடைய சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டது. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரு வெள்ளைக் கார், அதன் கூரையில் ஓர் எல் போர்டு, உள்ளே அவள், பள்ளிக்கூடம் அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேருக்கு அவள் டீச்சர். மீதிப் பாதிப் பேர் பேருந்தில் போகிறவர்கள்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்த டீச்சரிடம் சர்க்குலர் ஒரு தாளை நீட்டினார். ‘சாலைக் கார்களை நேர்ப்பாதையில் செம்மையாகக் கிளப்புவதற்கான வழிகாட்டு நெறிமுறைகள்’. பதினான்கு பிரிவுகள், நடுவில் உட்பிரிவுகள். முன்சக்கரங்களில் காற்றைச் சற்றுக் குறைத்தல், தொடங்குமிடத்துக்கு முன், பந்தய டயர்களைச் சூடாக்குவதற்காக ஊற்றி வைத்திருக்கும் தண்ணீரில் இறங்காமல் சுற்றிச் செல்லுதல் என்று போய்க்கொண்டிருந்தது. ஊருக்கே தண்ணீரை நிறுத்துகிற மனிதர் தண்ணீரைக் கண்டு ஒதுங்குவது டீச்சருக்கு நியாயமாகத்தான் பட்டது. ஏழாவது பிரிவில் அவள் கண் நின்றது.

“‘கவ்வும் புள்ளி’னு போட்டிருக்கீங்களே, என்னது அது?”

“ஆஃப் கிளட்ச். கிளட்சைப் பாதி விடும்போது வண்டி இழுக்கத் தொடங்குற இடம்.”

“அதை அப்படியே எழுதினா என்னங்க?”

“அலுவல் மொழியில அப்படி எழுத விதியில இடமில்லை.”

“எதுக்கு இதெல்லாம்?”

“சும்மா” என்றார் சர்க்குலர்.

அவளைத் தாளிலிருந்து நிமிர வைத்தது அந்த ஒற்றைச் சொல்தான். அவர் எதற்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஒரு சொல்லோடு நிறுத்தினார் என்றால், சொல்லாமல் விட்டது இரண்டு பக்கத்துக்கு மேல் இருக்கும்.

அது என்னவாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகத்துக்கு வயது பத்தொன்பது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் சர்க்குலர் அவளுடைய மாணவர். நாற்பத்து மூன்று பாடம் படித்தார். எல்லாவற்றையும் வாயால் ஓட்டுவார், காலால்தான் வராது. சாலை விதிகளை ஒப்பிக்கச் சொன்னால் காற்புள்ளி உட்பட ஒப்பிப்பார். சிக்னலில் பச்சை விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவார். ஓட்டுநர் தேர்வில் ஒரு சரிவு உண்டு. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். தேர்வு அதிகாரி பின் இருக்கையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார். டீச்சர் முன்னால் பக்கத்து இருக்கையில், தனக்கென்று இருக்கிற கிளட்ச், பிரேக்கோடு, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் மூன்று தேர்விலும் அந்தச் சரிவு சர்க்குலரைக் காவு வாங்கியது. நான்காவது தேர்விலும் வண்டி உதறியது. எஞ்சின் அணையப்போகிற அந்த நொடியில் டீச்சரின் இடது கால் அரை அங்குலம் இறங்கியது. வண்டி பூப்போல மேலேறியது. அன்று சாயங்காலமே அவர் பள்ளியின் வாசலுக்கு வந்து, ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்று கேட்டார். மூன்றே வாக்கியத்தில் கேட்டார். அவருக்கு அது சாதனை.

அந்த அரை அங்குலத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் எந்த விருந்தில் யார் முன்னால், “நான் நாலாவது தடவையில பாஸ்” என்று சொன்னாலும், சொல்லி முடித்ததும் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்ப்பார். பொய் உரிமத்தோடு ஒரு மனிதனைப் பத்தொன்பது வருடம் நடமாட விட்டோமே என்று டீச்சருக்கு உள்ளே உறுத்தும். இப்போது தனக்குத் தானே நிரூபித்துக்கொள்ளக் கிளம்பிவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தாள். நல்லபடியாக ஒரு தடவை கிளப்பிவிட்டால் போதும், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு டீச்சரின் தம்பியும் வந்தான். அவன் மெக்கானிக். அக்காவின் காருக்கு வைத்தியமும் மாமாவுக்குக் கிண்டலும் பார்த்துக்கொள்கிறவன். கூரையிலிருந்து எல் போர்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

“மாமா, இதை எங்க வைக்க? உங்க கழுத்துல மாட்டிக்கிறீங்களா?”

“நெறிமுறைகளின் மூன்றாவது பிரிவைப் படிச்சியா நீ?”

“ரெண்டாவதுலயே தூங்கிட்டேன் மாமா.”

நேர்ப்பாதை என்பது பெயருக்கேற்ப ஒரு நேரான பாதை. இரண்டு தடம். தொடக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். முடிவில் ஒரு கடிகாரம். நடுவில் மனிதனுடைய மானம். மாதம் ஒரு ஞாயிறு யார் வேண்டுமானாலும் வீட்டுக் காரைக் கொண்டுவந்து இரண்டு இரண்டாகப் பந்தயம் ஓட்டலாம். ஆளுக்கு மூன்று ஓட்டம். ஆரஞ்சு மேல்சட்டை போட்ட பரிசோதகர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். வெள்ளைக் காருக்குள் எட்டிப் பார்த்தவர் நிமிரவில்லை.

“இது என்ன, ரெண்டு கிளட்ச்சு?”

“ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு” என்றாள் டீச்சர்.

“புருஷன் பொண்டாட்டியா?”

“ஆமா.”

“அதானே பார்த்தேன்.” பரிசோதகர் பதிவுச் சான்றைப் புரட்டினார். “பயிற்சி வண்டினு பதிவாகியிருக்கு. அப்போ டீச்சரும் உள்ள உக்காந்தாத்தான் ஓட்டலாம். ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்குங்க.”

டீச்சர் வேலியோரம் நின்று கை தட்டலாம் என்று வந்திருந்தாள். கணவர் கோபப்படுவார் என்று திரும்பிப் பார்த்தாள். அவர் பின் இருக்கையிலிருந்து இரண்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அவளுடைய அளவில் இருந்தது.

முதல் ஓட்டத்துக்கு சர்க்குலர் ஒரு பிரிவு விடாமல் எல்லாவற்றையும் கடைப்பிடித்தார். தண்ணீரைச் சுற்றி வந்தார். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதைச் சொல்லும் இரண்டு சின்ன விளக்கும் எரியும்வரை அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். முதல் கியர் போட்டார். கைப்பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டார். எஞ்சினை மூவாயிரம் சுற்றுக்கு ஏற்றினார். கம்பத்தில் மஞ்சள் ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசி மஞ்சளிலேயே காலை எடுக்கத் தொடங்க வேண்டும், பச்சைக்குக் காத்திருந்தால் பச்சை காத்திருக்காது என்பது ஒன்பதாம் பிரிவு. எடுத்தார்.

எஞ்சின் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

முதல் கியரில் மூவாயிரம் சுற்றுச் சத்தம் கேட்டு, கிளட்சும் மேலே வருகிறது என்றால், டீச்சரின் உலகத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: மாணவன் சுவரில் ஏறப்போகிறான். அவளுடைய மூளைக்குச் சேதி போவதற்கு முன் இடது கால் தன் மிதியைத் தரையோடு தரையாக அழுத்திவிட்டது. வெட்கப்பட்டுச் சடக்கென்று எடுத்தாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. பக்கத்துத் தடத்துக்காரர் எப்போதோ போய், திரும்பியும் வந்துகொண்டிருந்தார்.

“அக்கா, நீ வண்டில ஏறியிருக்கியா, நங்கூரம் போட்டிருக்கியா?” என்று வேலிக்கு அப்பாலிருந்து தம்பி கேட்டான். எல் போர்டை அவன் உயர்த்திப் பிடித்திருந்ததால், வேலியோரம் நின்றிருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

இரண்டாவது ஓட்டத்துக்கு டீச்சர் தயாராக இருந்தாள். இடது பாதத்தைத் தரையில் வைத்து, அதன்மேல் வலது பாதத்தை வைத்து, ஏறி நின்றாற்போல அழுத்திக்கொண்டாள். சர்க்குலர் இந்த முறை சற்று ஆத்திரத்தோடு கிளட்சை விட்டார். ஆஃப் கிளட்சில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்றிக் கீச்சிட்டன. கீச்சிட்டதும், மேலே இருந்த வலது கால் பிரேக்குக்குப் பாய்ந்தது. இருவருடைய ஹெல்மெட்டும் ஒன்றாக முன்னால் போய் ஒன்றாகப் பின்னால் வந்தன.

“மன்னிச்சுக்குங்க” என்றாள்.

அவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கடைசி வரிசையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். முகம் தொங்கிப்போயிருந்தது. ஓட்டத்தில் தோற்றவன் முகம் அப்படி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. தேர்வில் தோற்ற முகமும் அவளுக்குத் தெரியும், மூன்று தடவை பார்த்திருக்கிறாள். இது வேறு.

தம்பி ஸ்பேனரோடு வந்தான். “அக்கா மிதியைக் கழட்டி வெச்சிரலாம், அஞ்சு நிமிஷ வேலை.” தூரத்திலிருந்து பரிசோதகர் விரலை ஆட்டினார். பரிசோதித்த வண்டியில் ஒரு திருகாணியைத் தொட்டாலும் ஓட்டம் ரத்து. “அப்போ அக்கா காலைக் கழட்டுங்க” என்று சொல்லிவிட்டு அவன் தேநீர் குடிக்கப் போனான்.

முன்னால் ஆறு வண்டி இருந்தது. டீச்சர் கையுறைப் பெட்டியைத் திறந்து மூடினாள்.

“என்னங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த நாலாவது டெஸ்ட்ல…”

“நீ மிதிச்ச.”

“தெரியுமா?”

“ரெண்டு மிதியும் ஒரே கம்பியிலதானே இருக்கு. என் காலுக்குக் கீழ மிதி தானா இறங்குது. பேய் மிதிக்குதுனு நான் நினைச்சிருப்பேன்னா நினைச்ச?”

நினைத்தாள்தான். பதற்றத்தில் இருக்கிற மாணவனுக்குத் தன் கால் எது, செருப்பு எது என்றே தெரியாது. இருபத்தைந்து வருட அனுபவத்தில் அவள் அப்படித்தான் கண்டிருந்தாள்.

“தெரிஞ்சும் எதுக்குக் கேக்கலை?”

சர்க்குலர் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, அலுவல் மொழி எதுவும் கைவசம் இல்லாததுபோல, மெதுவாகச் சொன்னார்.

“அன்னிக்குச் சாயங்காலம் நான் எந்தத் தைரியத்துல வந்து கேட்டேன்னு நினைக்கிற? டெஸ்ட்ல மிதிச்சா உன் லைசென்ஸே போயிடும். எனக்காக மிதிச்சாளே, அப்போ இவளுக்கு நம்மளப் பிடிச்சிருக்குனு நினைச்சேன். அந்த மிதி இறங்கினதைத்தான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.”

“சரி.”

“அப்புறம் வருஷக்கணக்கா பாக்கறேன். நீ எல்லாத்துக்கும் மிதிக்கற. மளிகைக்கடைக்காரன் ஓட்டினாலும் மிதிக்கற. பஸ்ல போனாலும் மிதிக்கற. சோபாவுல உக்காந்து டிவியில கார் வந்தாலும் கால் துடிக்குது உனக்கு. அப்போ அன்னிக்கு மிதிச்சது எனக்காகவா, பழக்கத்துலயான்னு…” நிறுத்தினார். “இன்னிக்கு ஒரு தடவை காலை அடக்கி வெச்சிருந்தீன்னா, உன் கால் உன் பேச்சைக் கேக்கும்னு ஆகும். அப்போ அன்னிக்கும் நீதான் மிதிச்சிருப்ப. அவ்வளவுதான் கணக்கு.”

பதினான்கு பிரிவு, உட்பிரிவு, காற்றழுத்தம், மூவாயிரம் சுற்று எல்லாம் இதற்குத்தான் என்று டீச்சருக்கு இப்போதுதான் விளங்கியது. சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

“உங்களுக்கு அறிவு இருக்கா?”

“இல்லைனு நீயே நாற்பத்து மூணு பாடத்துலயும் சொல்லியிருக்க.”

“முதல் டெஸ்ட்ல வண்டி நின்னுச்சே, அப்போ என் கால் எங்க இருந்துச்சு? கிளட்ச் மேலதான் இருந்துச்சு. ரெண்டாவதுல? மூணாவதுல? மூணு தடவையும் நீங்க ஃபெயிலாகறதை உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். கால் அசைஞ்சுச்சா? டெஸ்ட்னா அசையாது எனக்கு. அதுக்கப்புறம் எத்தனை நூறு பேரைக் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஒருத்தருக்கும் மிதிச்சதில்லை.”

சர்க்குலர் விரல்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. பின்னால் இருந்தவர் ஒலிப்பானை அழுத்தினார். இருவருக்கும் கேட்கவில்லை.

“அப்போ நாலாவது?”

“நாலாவதுக்குள்ள பிடிச்சுப்போச்சு.”

அவர் அந்தப் பதிலைப் புரட்டிப் பார்த்தார். அறிவிப்பு எழுதுகிற புத்தி, எங்கேயாவது ஓட்டை இருக்கும் என்று தேடியது. இருந்தது.

“பிடிச்சிருந்தா ஃபெயிலாக விட்டிருக்கணும்ல? பாஸாயிட்டா நான் எதுக்கு அப்புறம் வரப்போறேன்?”

“ஸ்டூடண்ட்டைக் கட்டிக்கிட்டா பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேரு” என்றாள் டீச்சர். “பாஸாயிட்டா நீங்க ஸ்டூடண்ட் இல்லையே.”

சர்க்குலரின் காது இரண்டும் சிவந்தன. அவர் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார், பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி. அவள் திருப்பி வைத்து, வாரைத் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டாள்.

தங்கள் முறை வந்தபோது டீச்சர் செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி இருக்கையின்மேல் வைத்து, முழங்கால் முனகியதைப் பொருட்படுத்தாமல், சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன்மேல் இருக்கைவாரை இறுக்கிக்கொண்டாள். பரிசோதகர் ஜன்னலில் குனிந்தார்.

“என்னம்மா இது, காரா யோகா வகுப்பா?”

“காலைக் கீழ வைக்கணும்னு விதி இருக்கா சார்?”

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. கால்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போங்கள் என்று கையைக் காட்டினார்.

“அடக்கி வெக்கணும்னுதான் சொன்னீங்க. மூட்டை கட்டி வெச்சா கணக்குல சேருமா?” என்று அவள் கேட்டாள்.

“கணக்குதான் முடிஞ்சுபோச்சே” என்றார் சர்க்குலர். “இது சும்மா.”

இரண்டு சின்ன விளக்கும் எரிந்தன. அவர் நெறிமுறைத் தாளை மடித்துக் கதவுப் பையில் செருகினார். மூவாயிரத்துக்கு முள்ளைப் பார்க்கவில்லை, காதால் கேட்டார். எஞ்சின் ஒரே குரலில், கத்தாமல், தயாராக நின்றது. இடது கால் மெதுவாக மேலே வந்தது. ஒரு இடத்தில் எஞ்சினின் குரல் கொஞ்சம் இறங்கும். வண்டியின் மூக்கு, பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, லேசாக நிமிரும். ‘அங்க நில்லுங்க, அங்கதான் எல்லாம் இருக்கு’ என்று டீச்சர் தினமும் எட்டுத் தடவை சொல்லும் இடம் அது. அவர் அங்கே நின்றார்.

மஞ்சள். மஞ்சள். டீச்சரின் தொடைக்கடியில் மடங்கியிருந்த இடது பாதம், கூண்டில் போட்ட கோழி மாதிரி உதறியது. மஞ்சள்.

கைப்பிரேக் விழுந்தது. ஆஃப் கிளட்சிலிருந்து அவர் காலைப் பிடுங்கவில்லை. தூங்குகிற குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவதுபோல எடுத்தார். அது மேலே வந்த அளவுக்கு மறுகால் கீழே போனது. சக்கரம் ஒரு சின்னக் கீச்சு கீச்சிட்டுப் பிடித்துக்கொண்டது. கீச்சிட்டு ஓடினால் வீண், கீச்சிடாமல் இழுத்தாலும் வீண்; அந்த ஒரு கீச்சுதான் சரி. இருக்கை டீச்சரின் முதுகைத் தள்ளியது. யாருடைய காலும் குறுக்கே வராமல், உதறாமல், அணையாமல், அந்த வெள்ளைக் கார் தன் ஆயுளில் முதல் தடவையாகப் பாய்ந்தது.

“அட” என்றாள் டீச்சர்.

இரண்டாவது கியர் விழுந்தது. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பாதையை அல்ல. இருபத்தைந்து வருடத்தில் ஓடுகிற அந்த வண்டியின் முன்கண்ணாடியை விட்டு அவள் இவ்வளவு நேரம் கண்ணை எடுத்ததில்லை. ஹெல்மெட்டுக்குள் அவர் உதடு அசைந்தது. மூன்றாவது கியருக்குப் போகும்போது வலிக்கிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய கை அவருடைய முழங்காலில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. எல்லைக் கோடு அவர்களுக்கு அடியில் ஓடி மறைந்தது.

கடைசியில் வண்டியைத் திருப்பும்போது, “கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“மரத்துப்போச்சு. இறங்க முடியாது, தூக்கிட்டுத்தான் போகணும்.”

“பிரிவு பதினஞ்சா சேத்துடலாம்.”

தம்பி எல் போர்டை ஓரமாக எறிந்துவிட்டு நேரச் சீட்டோடு ஓடிவந்தான். “மாமா, முதல் அறுபது அடி ரெண்டு புள்ளி ஆறு செகண்டு. சத்தியமா நம்ம வண்டிதானா? இந்த எஞ்சினுக்கு இதுக்கு மேல யாரும் கிளப்ப முடியாது மாமா. நான் கிளப்பினாலும் இவ்வளவுதான்.”

சர்க்குலர் சீட்டை வாங்கவில்லை. காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, மரத்துப்போன காலோடு உட்கார்ந்திருந்த மனைவியின் பாதத்தை இரண்டு கையாலும் எடுத்துத் தேய்த்துவிடத் தொடங்கினார். டீச்சர்தான் கையை நீட்டிச் சீட்டை வாங்கி, முழுவதையும் படித்தாள்.

மொத்த நேரம் இருபது புள்ளி மூன்று விநாடி. அன்று ஓடிய முப்பத்தொரு வண்டிகளில் அது முப்பத்தொன்றாவது.